பட்டறைச் சந்துக்கு மாஸ்டர் பிளானில் என்ன நிறம் கேட்பது?

லேத்துக்காரன் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருவொற்றியூர் ஹைரோட்டில் சுங்கச்சாவடி தாண்டி, கடல் பக்கம் திரும்புகிற சந்து ஒன்றில் எங்களுக்கு லேத் பட்டறை. அப்பா 1983இல் ஒரு செகண்ட் ஹேண்ட் லேத்தோடு வாடகை இடத்தில் ஆரம்பித்தார். இன்றும் வாடகைதான். இப்போது இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு வெல்டிங் செட், என்னோடு மூன்று பேர். வேலையில் முக்கால்வாசி காசிமேட்டு விசைப்படகுகளுடையது. தேய்ந்துபோன ஷாஃப்ட்டை ஏற்றிக் கடைவது, புஷ் போடுவது, வின்ச்சுக்குப் பல்சக்கரம் வெட்டுவது, வளைந்துபோன புரொப்பல்லரைச் சரிபார்ப்பது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் அல்லவா, ஊரே சும்மா இருக்கும் அந்த இரண்டு மாதம்தான் எங்களுக்குத் தீபாவளி. படகெல்லாம் கரையேறி நிற்கும். நாங்கள் ராத்திரி பதினொரு மணி வரை ஓட்டுவோம்.

2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்தது. நல்லதுதான், என் மகள் காலேஜுக்கு அதில்தான் போகிறாள். ஆனால் அதற்கப்புறம் சந்தில் புரோக்கர்கள் நடமாட்டம் அதிகமாகிவிட்டது. நான் சின்னப் பையனாக இருந்தபோது இங்கே பதினோரு பட்டறை. வெல்டிங், ரேடியேட்டர், லாரி பாடி கட்டுவது, ஒரு தச்சுப் பட்டறை. இப்போது ஆறுதான். மற்ற ஐந்தில் மூன்று அபார்ட்மெண்ட் ஆகிவிட்டன, ஒன்று கார் நிறுத்தும் இடம், ஒன்று பூட்டிக் கிடக்கிறது.

புதிதாகக் குடிவந்த ஒருவர் லேத் சத்தத்துக்காகப் புகார் கொடுத்தார். நாங்கள் வந்து நாற்பது வருஷம், அவர் வந்து பதினான்கு மாதம். போன வாரம் அவரே அவர்கள் பில்டிங் கேட்டின் கீல் உடைந்துவிட்டதென்று தூக்கிக்கொண்டு வந்தார். வெல்டிங் வைத்துக் கொடுத்தேன். காசு வாங்கிக்கொண்டேன், அதில் ஒன்றும் தாராளம் காட்டவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் சென்னையின் இரண்டாவது மாஸ்டர் பிளான் 2026 வரைக்கும்தான், மூன்றாவது தயாராகிறது என்பதால், எங்கள் சந்துக்காரர்கள் சேர்ந்து சி.எம்.டி.ஏ.வுக்கு (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) ஒரு மனு கொடுப்பது என்று கூட்டம் போட்டோம். கூட்டம் இரண்டாகப் பிளந்துகொண்டது. இடத்துச் சொந்தக்காரர்கள் “குடியிருப்பு என்று எழுதச் சொல், சதுர அடி விலை ஏறும்” என்கிறார்கள். பட்டறைக்காரர்கள் “தொழிற்சாலை என்று எழுதச் சொல், அப்போதுதான் யாரும் கை வைக்க மாட்டான்” என்கிறார்கள்.

எனக்கு இரண்டும் பயமாக இருக்கிறது. குடியிருப்பு என்றால் நாளைக்கு மின்சார லோடு கூட்டிக் கேட்கும்போது கையை விரிப்பார்கள். தொழிற்சாலை என்றால், பூட்டிக் கிடக்கும் அந்த இடத்தில் கண்டெய்னர் யார்டோ கெமிக்கல் குடோனோ வந்து உட்கார்ந்தால் என்ன செய்வேன்? என் வீடும் இதே சந்தில்தான், பட்டறைக்கு நாலு வீடு தள்ளி.

மனுவை எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. ஐ.டி.ஐ. டர்னர் படித்தவன் நான், மனு எழுதிப் பழக்கமில்லை. எதைக் கேட்டால் உபயோகம்? இப்படி எழுதிக் கொடுப்பதை யாராவது படிக்கிறார்களா?

---

ரெட்ஹில்ஸ்_பாலு

எதற்கு இவ்வளவு யோசனை? செங்குன்றம் பக்கமோ கும்மிடிப்பூண்டி பக்கமோ போய்விடுங்கள். இடமும் மலிவு, சத்தம் என்று எவனும் கேட்க மாட்டான்.

---

லேத்துக்காரன்

பாலு சார், படகுக்காரன் ஷாஃப்ட்டைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வருகிறான். சாயங்காலம் திரும்ப வாங்கிக்கொண்டு போகிறான். கும்மிடிப்பூண்டிக்கு வருவானா? நான் போன மறுமாதமே அவன் வேறு ஆளைப் பார்த்திருப்பான்.

---

அளவுநாடா

தம்பி, நகரமைப்புத் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் வரைபட மேசையிலேயே உட்கார்ந்திருந்தவன் நான். எந்த ஊர், எந்த அலுவலகம் என்பதெல்லாம் வேண்டாம், பென்ஷன் வாங்குகிறேன்.

முதலில் உங்கள் கேள்வியில் உள்ள ஒரு தவறைச் சொல்கிறேன். ‘குடியிருப்பா, தொழிற்சாலையா’ என்று இரண்டே கதவு இருப்பதாக உங்கள் கூட்டம் நினைக்கிறது. 2008இல் அறிவிக்கப்பட்ட இரண்டாவது முழுமைத் திட்டத்திலேயே (நீங்கள் சொல்லும் மாஸ்டர் பிளான்தான்) குடியிருப்பில் இரண்டு வகை உண்டு, முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு என்று. தொழிலிலும் இரண்டு வகை, பொதுவான தொழிற்சாலை மண்டலம் ஒன்று, சிறப்பு மற்றும் அபாயகரமான தொழில் மண்டலம் ஒன்று. பட்டறையும் குடோனும் ஒன்றாக உட்காரும் என்ற உங்கள் பயத்துக்குக் காரணம், இந்தப் பொதுவான தொழிற்சாலை என்கிற சொல் ரொம்ப அகலமானது. லேத்தும் அதில் வரும், பெரிய கிடங்கும் வரும். மனுவில் இதைத்தான் பிடிக்க வேண்டும். கலப்பு மண்டலத்தில் என்னென்ன தொழிலை, எத்தனை குதிரைத்திறன் மோட்டார் வரைக்கும் அனுமதிப்பது என்று விதி போடுவார்கள். வரைபடத்தில் என்ன நிறம் (தொழிலுக்கு ஊதா, குடியிருப்புக்கு மஞ்சள்) என்பதில் பாதிச் சண்டைதான் இருக்கிறது, மீதி அந்த நிறத்துக்குப் பின்னால் இருக்கும் விதிப் பட்டியலில். ஜனங்கள் வரைபடத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். பில்டரின் ஆள் மட்டும் விதிப் பட்டியலையும் வாங்கிக்கொண்டு போவார். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, சர்வே எண். “எங்கள் சந்தைக் காப்பாற்றுங்கள்” என்று எழுதினால் அதை எந்தக் கோப்பில் சேர்ப்பது என்றே கிளார்க்குக்குத் தெரியாது. ஆறு பட்டறையின் பட்டாவையும் பார்த்து பிளாக் எண், டவுன் சர்வே எண் எடுத்துக்கொள்ளுங்கள். சர்வே எண்ணை வைத்து இப்போதைய நில உபயோகம் என்ன என்று சி.எம்.டி.ஏ. இணையதளத்திலேயே பார்க்கலாம். முதலில் அதைச் செய்யுங்கள். உங்கள் சந்து ஏற்கெனவே கலப்புக் குடியிருப்பாக இருந்து, நீங்கள் இல்லாத பேயோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கவும் வாய்ப்பு உண்டு.

யாராவது படிக்கிறார்களா என்று கேட்டீர்கள். 1971ஆம் வருடத்து நகர் ஊரமைப்புச் சட்டம் 26ஆம் பிரிவின்படி, முழுமைத் திட்டத்தின் வரைவை அரசிதழில் வெளியிட்டு, ஆட்சேபணையும் யோசனையும் எழுத்தில் கொடுக்க இரண்டு மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் தர வேண்டும். அப்போது கொடுப்பதுதான் சட்டப்படி பிடிமானம் உள்ள கடிதம். அதற்கு முன்னால் கருத்துக் கேட்கும்போது கொடுப்பது வீணில்லை, ஆனால் அதைக் கொடுத்துவிட்டோம் என்று வரைவு வரும்போது தூங்கிவிடாதீர்கள். அதே மனுவை மறுபடி கொடுங்கள். கொடுத்ததற்குச் சீல் போட்ட நகல் வாங்குங்கள்.

இன்னொன்று, இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். முழுமைத் திட்டம் இருபது வருடத்துக்கு ஒருமுறை வரும் பெரிய திருவிழா. ஆனால் தேர் நகர்வது திருவிழா அன்று மட்டுமில்லை. நடுவில் யார் வேண்டுமானாலும் தன் மனைக்கு மட்டும் நில உபயோக மாற்றம் கேட்டு விண்ணப்பிக்கலாம். நாளிதழில் ஒரு மூலையில் சின்ன எழுத்தில் அறிவிப்பு வரும், ஆட்சேபணைக்கு 21 நாள். உங்கள் சந்தில் யார் அந்தப் பத்திரிகை மூலையைப் படிக்கிறார்கள்? ஊதாவாக இருந்த தொழில் நிலம் மஞ்சளானது பெரும்பாலும் இப்படித் துண்டு துண்டாகத்தான்.

பின்னி மில்லை நினைத்துப் பாருங்கள். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததே அந்த மில் தொழிலாளர்களை வைத்து. 1996இல் மூடினார்கள். கொஞ்ச காலம் சினிமா ஷூட்டிங் நடந்தது, இப்போது அடுக்குமாடி. மில் மூடியது வேறு காரணங்களால், அதை நில உபயோகத்தின் தலையில் கட்டவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் வேறு ஒரு சின்னத் தொழிலாவது வருவதற்கு இருந்த இடமும் அதோடு போயிற்று. மஞ்சள் மறுபடி ஊதா ஆனதை என் சர்வீஸில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

---

எர்ணாவூர்_செல்வி

எல்லோரும் ஊதா, மஞ்சள் என்று அழகாகப் பேசுகிறீர்கள். நாங்கள் ஊதாவுக்குள்ளேயே குடியிருக்கிறோம்.

2023 டிசம்பர் மாதம் மட்டும் சொல்கிறேன். மாத ஆரம்பத்தில் மிக்ஜாம் புயல், வெள்ளத்தோடு கச்சா எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரம் முழுக்கக் கறுப்பு. என் மாமனார் வலை, ஃபைபர் படகு எல்லாம் தார் பூசியதுபோல் ஆனது. அதைத் துடைத்து முடிக்கும் முன்னால் 26ஆம் தேதி ராத்திரி, கடலுக்கடியில் போகும் அம்மோனியா குழாயில் கசிவு. கண் எரிச்சல், மூச்சு முட்டல். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு ஓடினோம். எந்தப் பக்கம் ஓடுவது என்றுகூட யாரும் சொல்லவில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து ஓடினோம்.

அதனால் “தொழில் நிலத்தைக் காப்பாற்றுவோம்” என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். 1970இல் ஆரம்பித்த எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் நின்றபோது அந்த இடத்தில் மரம் வைப்பார்கள் என்று நினைத்த பைத்தியக்காரர்கள் நாங்கள்.

அண்ணா, நீங்கள் லேத் ஓட்டுகிறீர்கள், அது யாரையும் கொல்லாது. ஆனால் உங்கள் மனுவில் ‘தொழிற்சாலை’ என்ற சொல்லை மொத்தமாக எழுதினால், அதைக் காட்டி ‘உள்ளூர் மக்களே கேட்டார்கள்’ என்று எங்கள் தலையில் இன்னொன்றைக் கொண்டுவந்து வைப்பார்கள்.

---

லேத்துக்காரன்

செல்வி அம்மா, நீங்கள் சொன்னதைப் படித்ததும் நான் எழுதி வைத்திருந்த முதல் வரியை அடித்துவிட்டேன். அது ‘எங்கள் பகுதியைத் தொழிற்சாலைப் பகுதியாகவே தொடர’ என்று ஆரம்பித்தது.

அளவுநாடா ஐயா, சர்வே எண் போட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்ன பேய்தான். பாதிச் சந்து கலப்புக் குடியிருப்பு, கடல் பக்கத்துப் பாதி தொழிற்சாலை. என் லேத் ஒன்றில், என் வீடு இன்னொன்றில். நாற்பது வருஷமாகக் கோடு நடுவில் போவது தெரியாமலே டீ குடிக்கப் போய் வந்துகொண்டிருக்கிறேன்.

---

மழைநகரத்தான்

பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்து 2014 முதல் அமெரிக்காவில் சியாட்டிலில் இருக்கிறேன். சாஃப்ட்வேர்தான், வேறென்ன. இங்கே இதே சண்டை நடந்து ஒரு முடிவுக்கு வந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். வெளிநாட்டுப் பெருமை பேச வரவில்லை, கடைசியில் ஏன் என்று தெரியும்.

சியாட்டில் நிலப்பரப்பில் சுமார் 12 சதவீதம் தொழில், துறைமுக நிலம். வடக்கே பேலார்ட் – இன்டர்பே பக்கம் மீன்பிடிப் படகுகள், கப்பல் பழுதுபார்க்கும் இடங்கள். தெற்கே டுவாமிஷ் ஆற்றங்கரையில் கண்டெய்னர் துறைமுகம், சிமெண்ட், கிடங்குகள். மென்பொருள் கம்பெனிகள் வீங்கியதும் எல்லோர் கண்ணும் இந்த நிலத்தின் மேல். தொழிற்சாலை மண்டலம் என்று பேர் இருந்ததே தவிர, விதியில் ஓட்டை. பெரிய பெரிய சில்லறைக் கடைகள், சாமான் போட்டு வைக்க வாடகைக்கு விடும் கிடங்கறைகள் எல்லாம் தொழிற்சாலை நிலத்திலேயே வந்தன. பட்டறை கொடுக்கும் வாடகைக்கு அவர்களோடு போட்டி போட முடியுமா?

2019இல் அன்றைய மேயர் ஜென்னி டர்கன் ஒரு குழு கூட்டினார். நகரம் முழுதுக்கும் ஒன்று, அப்புறம் பகுதிவாரியாக நான்கு. தொழிற்சங்கம், முதலாளிகள், துறைமுகம், பக்கத்தில் குடியிருப்பவர்கள் எல்லோரும். நடுவில் கோவிட். 2021இல் பதினொரு பரிந்துரையில் ஒத்துப்போனார்கள். 2023 ஜூலையில் புரூஸ் ஹாரெல் மேயராக இருந்தபோது மாநகர மன்றம் சட்டமாக்கியது.

அளவுநாடா ஐயா சொன்ன இடத்துக்குத்தான் அவர்களும் வந்து சேர்ந்தார்கள், ஒரே ஊதாவை மூன்றாகப் பிரித்தார்கள். தண்ணீர், ரயில், துறைமுகம் பக்கம் இருப்பது கனரக வகை. அங்கே பெரிய கடையும் கிடங்கறையும் இனி வர முடியாது. மெட்ரோ ஸ்டேஷன் பக்கம் இருப்பது இரண்டாவது வகை. அங்கே பில்டர் மேலே ஆபீஸ் மாடி கட்டிக்கொள்ளலாம், ஆனால் கூடுதல் மாடி வேண்டுமென்றால் கீழே தொழிலுக்கு இடம் கட்டிக் கொடுக்க வேண்டும். மூன்றாவது, வீடுகளை ஒட்டிய இடங்களுக்கு. சின்னப் பட்டறைகள், தொழிலாளிகளுக்கு அளவாகக் கொஞ்சம் வீடுகள். லேத்துக்காரரே, உங்கள் சந்து அப்படியே இந்த மூன்றாவது வகை. உங்கள் மெட்ரோ ஸ்டேஷனைச் சுற்றி இரண்டாவது வகையைக் கேட்கலாம். இடத்துக்காரருக்கும் மாடி கிடைக்கும், கீழே லேத்தும் ஓடும். அவரிடம் இப்படிப் பேசிப் பாருங்கள்.

இன்னொரு விஷயத்தையும் சேர்த்தார்கள். இந்தத் தொழில் மையங்களிலிருந்து நிலத்தை வெளியே எடுக்க வேண்டுமென்றால் வருடா வருடம் துண்டு துண்டாகக் கேட்க முடியாது, நகரத்தின் பெரிய திட்டத்தை மொத்தமாகத் திருத்தும்போதுதான் கேட்கலாம் என்று. ஐயா சொன்ன அந்தப் பத்திரிகை மூலை அறிவிப்புக்கு இங்கே கண்டுபிடித்த மருந்து இது.

என் பங்குக்கு ஒரு குற்ற ஒப்புதல். பேலார்டில் ஒரு சைக்கிள் பாதையில் ஒன்றரை மைலுக்கும் குறைவான துண்டு மட்டும் பல வருடமாகக் கட்டப்படாமல் நிற்கிறது. மணல், ஜல்லி லாரிகள் உள்ளே வெளியே போகும் வாசல்களைக் குறுக்கே கடக்கிறது என்று தொழில்காரர்கள் வழக்குக்கு மேல் வழக்குப் போட்டார்கள். நான் சைக்கிள்காரன், அவர்களைத் திட்டித்தான் கையெழுத்துப் போட்டேன். அப்புறம் ஒருநாள் மழையில் ஃபிஷர்மென்ஸ் டெர்மினல் போனேன். 1914இல் திறந்த மீன்பிடித் துறை அது. அலாஸ்காவுக்குப் போய்வரும் படகுகள் குளிர்காலத்தில் வந்து கட்டும். வலை விரித்துத் தைக்கத் திறந்த இடம், வலை வைக்கத் தனி அறைகள். ஓர் ஆள் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். காசிமேட்டில் பார்த்த அதே உட்காரும் விதம். எனக்கு என்னமோ போலாகிவிட்டது. அந்த இடத்தை வைத்திருப்பது துறைமுகம், அதாவது பொது அமைப்பு. தனியாரிடம் இருந்திருந்தால் எப்போதோ சொகுசுப் படகுத்துறையாகியிருக்கும். 2000களின் தொடக்கத்தில் உல்லாசப் படகுகளையும் அங்கே அனுமதித்தபோதே மீனவர்கள் சண்டை போட்டார்கள்.

கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அது இது. இவ்வளவு பேர் உட்கார்ந்து பேசிச் சட்டமாக்கி இரண்டு வருடம் ஆகவில்லை, 2025 மார்ச்சில் விளையாட்டு அரங்கங்கள் பக்கத்துத் தொழில் நிலத்தில் வீடு கட்டலாம் என்று மன்றம் மாற்றி ஓட்டுப் போட்டது. துறைமுகமும் துறைமுகத் தொழிலாளர் சங்கமும் எதிர்ப்பு, கட்டடத் தொழிலாளர் சங்கங்கள் ஆதரவு. தொழிலாளியே இரண்டு பக்கமும். டுவாமிஷ் ஆற்றுக்கும் கதை உண்டு. 2001இல் மத்திய அரசின் மாசு சுத்திகரிப்புப் பட்டியலில் ஏறியது, இன்னும் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். செல்வி அக்கா சொல்வது போன்ற ஜனங்கள் இங்கேயும் ஆற்றின் ஓரத்தில் இருக்கிறார்கள். அவர்களும் அந்த நான்கு பகுதிக் குழுக்களில் ஒன்றில் உட்கார்ந்திருந்தார்கள், அதை மட்டும் நல்லது என்று சொல்லலாம்.

---

காசிமேட்டுப் பேத்தி

சியாட்டில் அண்ணா, வலை தைக்க இடம் என்று எழுதினீர்களே, அது மனதைத் தொட்டது. எங்கள் துறைமுகம் 1984இல் திறந்தது. இடம் சென்னைத் துறைமுகத்துடையது. படகு பெருகிவிட்டது, இடம் அதேதான். தாத்தா ரோட்டோரம் உட்கார்ந்து வலை பொத்துவார், கண்டெய்னர் டிரெய்லர் அவர் முதுகை உரசிக்கொண்டு போகும்.

எங்கள் பாட்டி ராயபுரம் கரையில் மணல் இருந்ததைப் பார்த்தவள். துறைமுகச் சுவர் போட்ட நாளிலிருந்து தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது, வடக்கே கடல் தின்றது. எங்கள் பக்கத்தில் வீடுகள் கடலோடு போனபிறகு கல் கொட்டினார்கள், அப்புறம் தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள் நீளும் கல் தடுப்பு, போட்டார்கள். ஊருக்கு மெரினா, எங்களுக்குக் கருங்கல். பாட்டி இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

லேத்துக்கார அண்ணா, உங்கள் மனுவுக்கு உதவும் ஒன்று சொல்கிறேன். நான் சட்டம் படிக்கிறேன், மூன்றாம் வருடம். 2011ஆம் வருடத்துக் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையில், கரையோர மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் மீனவ கிராமங்கள், மீனவர்களின் பொது இடங்கள், படகுத்துறை, ஐஸ் பிளாண்ட், மீன் உலர்த்தும் மேடை எல்லாவற்றையும் சர்வே வரைபட அளவில் காட்ட வேண்டும் என்று இருக்கிறது. மீனவர்களின் நீண்டகால வீட்டுத் தேவைக்கும் திட்டம் போட வேண்டும். 2023இல் வரைவு வரைபடத்துக்குக் கருத்துக் கேட்டபோது, கிராமத்தையே காணோம், தொழில் செய்யும் இடத்தைக் காணோம் என்று கரை முழுக்கக் கத்தினார்கள். அந்தப் பட்டியலில் பாருங்கள், ஐஸ் பிளாண்ட் இருக்கிறது, லேத் இல்லை. லேத் இல்லாமல் படகு ஓடுமா? அதனால் உங்கள் பட்டறைகளைத் ‘தொழிற்சாலை’ என்று எழுதாமல், ‘மீன்பிடித் தொழிலுக்கான பழுதுபார்ப்பு இடங்கள்’ என்று எழுதுங்கள். செல்வி அக்காவின் பயமும் அதில் அடங்கும், ரசாயனக் கிடங்கு அந்தப் பெயரில் உள்ளே வர முடியாது.

அப்புறம் எங்கள் ஊர் பஞ்சாயத்து லெட்டர்பேடில் ஒரு ஆதரவுக் கடிதம் வாங்கித் தர முடியும். தடைக்காலத்தில் பெரியவர்கள் கரையில்தான் இருப்பார்கள், இப்போதே வாங்குவது சுலபம்.

---

அளவுநாடா

பேத்தி, நீ சொன்ன பெயர் நான் முப்பது வருடத்தில் எந்தக் கோப்பிலும் பார்க்காத பெயர். நல்ல பெயர். ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: பெயரோடு விதியையும் எழுதுங்கள். எத்தனை குதிரைத்திறன், எத்தனை மணி வரை வேலை, எரியும் பொருள் சேமிக்கக் கூடாது, கண்டெய்னர் நிறுத்தக் கூடாது என்று. நீங்களே கட்டுப்பாடு எழுதிக் கொடுத்தால் மறுக்கிறவருக்கு வேலை கஷ்டம்.

---

லேத்துக்காரன்

எல்லோருக்கும் நன்றி. பத்து நாளாக வேலை நெருக்கடி, அதனால் தாமதம்.

நடந்ததைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை மகளும் நானும் நோட்டு எடுத்துக்கொண்டு காசிமேட்டுக் கரையிலிருந்து எங்கள் சந்து வரை நடந்தோம். படகுக்காக வேலை செய்யும் இடங்களை மட்டும் எண்ணினோம். லேத், வெல்டிங், தச்சு, ஃபைபர் ஒட்டுவது, டைனமோ கட்டுவது, வலைக்கடை, கயிறு, ஐஸ். நாற்பத்தேழு வந்தது. எனக்கே ஆச்சரியம், ஒரு இருபது இருக்கும் என்று நினைத்தேன். அதில் முப்பத்தொன்று வாடகை இடம். ஒவ்வொன்றுக்கும் கதவு எண், முடிந்தவரை சர்வே எண், எத்தனை பேர் வேலை என்று மகள் எக்ஸெல்லில் போட்டுவிட்டாள்.

எங்கள் இடத்துக்காரரிடம் அந்த ‘கீழே லேத், மேலே மாடி’ விஷயத்தைச் சொன்னேன். முதலில் சிரித்தார். மறுநாள் அவரே போன் செய்து, கீழ்த்தளம் எத்தனை அடி உயரம் இருந்தால் உனக்குப் போதும் என்று கேட்டார். பதினான்கு என்றேன். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கேட் கீல் மனிதரிடமும் போனேன். ராத்திரி எட்டு மணிக்கு மேல் மெஷின் ஓடாது என்று எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். தடைக்காலத்தில் மட்டும் பத்து மணி என்று பேரம் பேசி முடித்தேன். ஆனால் அவர் வாசலில் டிரெய்லர் நிறுத்தக் கூடாது என்பதையும் சேர்க்க வேண்டுமாம். அது எனக்கும் வேண்டியதுதான், சேர்த்துவிட்டேன்.

இரண்டு பேர் இன்னும் ‘குடியிருப்பு’ என்றே நிற்கிறார்கள். அவர்கள் தனியாக மனு கொடுப்பார்களாம். கொடுக்கட்டும்.

மனு மூன்று பக்கம். முதல் வரி இப்போது இப்படி இருக்கிறது: ‘காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை நம்பியும், அத்துறைமுகம் எங்களை நம்பியும் இயங்கும் 47 பழுதுபார்ப்பு இடங்கள் குறித்து.’ செல்வி அம்மாவுக்காகக் கடைசிப் பக்கத்தில் ஒரு பத்தி: எங்கள் மண்டலத்திலோ ஒட்டியோ அபாயகரமான தொழில் எதுவும் வேண்டாம், ஏற்கெனவே உள்ள இடங்களில் கசிவு ஏற்பட்டால் எந்த வழியாக வெளியேறுவது என்று தமிழில் பலகை வேண்டும் என்று.

பேத்தி, உங்கள் ஊர்க் கடிதம் செவ்வாய்க்குள் கிடைக்குமா? புதன்கிழமை போய்க் கொடுப்பதாக இருக்கிறோம், இரண்டு நகலோடு, சீல் வாங்க. தடைக்காலம் முடிய இன்னும் பதினொரு நாள்தான். லேத்தில் இரண்டு ஷாஃப்ட் நிற்கிறது, மூன்றாவது ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருப்பதாக இப்போதுதான் போன் வந்தது.